சிறைக் கதவு திறக்கும் நாளில் துணை யார்?

சில மாதங்களுக்கு முன், மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், இரத்த வாந்தியுடன் ஒருவர் நம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். நாற்பது வயதைத் தாண்டாதவர். மலையில் சாமை பயிரிடும் குடும்பம். குடியினால் கல்லீரல் கெட்டிருந்தது. “ஜெயிலில் இருந்த மூன்று மாதமும் ஒரு சொட்டுத் தொடவில்லை, டாக்டர். அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பார்” என்று அழுதார் அவருடைய மனைவி. விடுதலையாகி ஐந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். பேசும் அளவுக்குத் தெளிந்த பிறகு, விடுதலையான அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். “வேலூரிலிருந்து போளூர் வந்தேன். மலைக்குப் போகும் பேருந்து வர நேரமிருந்தது. ஊருக்குள் எந்த முகத்தோடு போவது என்று நினைத்தேன். கடைக்குப் போய்விட்டேன்” என்றார்.

அவருடைய நோயின் வரலாறு முழுவதும் அந்தக் காத்திருப்பு நேரத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அப்போது அவர் அருகில் யாராவது இருந்திருக்க வேண்டும். அவர் மருத்துவராகவோ காவலராகவோ இருக்க வேண்டியதில்லை. அதே குடியில் விழுந்து, அதே சிறைக்குப் போய், அதே பேருந்துக்குக் காத்திருந்து, பிறகு மீண்டெழுந்த ஒருவராக இருந்திருக்க வேண்டும். இத்தகைய மீண்டவர்களின் துணையைச் சிறைக்குள்ளும் சிறைவாசலிலும் ஏற்படுத்துவது மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

சிறை குடியை நிறுத்துகிறது என்பது உண்மையே. ஆனால் நிறுத்துவது வேறு, மீள்வது வேறு. பூட்டிய கதவுக்குள் குடிக்காமல் இருப்பதற்கு மனவுறுதி தேவையில்லை. அந்த உறுதி தேவைப்படுவது கதவு திறக்கும் நாளில்தான். போதையைத் தேடும் மூளையின் பழக்கம் சில மாதங்களில் அழிவதில்லை. உடலின் தாங்கும் திறனோ அதற்குள் குறைந்துவிடுகிறது. பழைய அளவையே மீண்டும் எடுத்துக்கொள்ளும்போது உடல் அதைத் தாங்குவதில்லை. அபின் வகைப் போதைப்பொருள்களில் இது உடனடி மரணமாகவே முடியலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான சிறைவாசிகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, விடுதலைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் அவர்களுடைய இறப்பு அபாயம் பொதுமக்களினுடையதைப் போல் 12 மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. அவ்விறப்புகளுக்கு முதன்மையான காரணம் போதைப்பொருளின் அளவு மிகுந்ததே.

சிறைக்குள் நுழையும் நாளும் இதே அளவு ஆபத்தானது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் மனம் குழம்பி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் சன்னி நிலை ஏற்படலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். இதை நடிப்பு என்றும் திமிர் என்றும் எண்ணுவது பெரும் பிழை. கைது செய்யப்பட்டவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டம். அப்போதே “இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இந்த நேரம், முன்பு வலிப்பு வந்திருக்கிறது” என்று குடும்பத்தார் சொல்லிவிட வேண்டும். மானத்துக்கு அஞ்சி மறைக்காதீர்கள்.

நம் நாட்டில் மருத்துவம் கிடைக்காத குடிநோயாளிகளின் எண்ணிக்கை மிகப் பெரிது. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிப்பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மலைக்கும் சிறைக்கும் மனநல மருத்துவர்கள் போதிய எண்ணிக்கையில் வருவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ! ஆனால் மீண்டவர்கள் நம்மிடையே இப்போதே இருக்கிறார்கள்.

மீண்டவர் துணை புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பில் பிறந்தது. அவர்களுள் ஒருவர் அறுவை மருத்துவர். தம் மருத்துவப் படிப்பு செய்ய இயலாததை, தம்மைப் போன்ற இன்னொரு நோயாளியின் பேச்சு அவருக்குச் செய்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நாம் சொல்வது இதைத்தான்.

நம் நோயாளியிடமும் இதைக் கண்டேன். கல்லீரலைப் பற்றி நான் கால் மணி நேரம் விளக்கினேன். தலையாட்டினார், அவ்வளவே. பிறகு, முன்பு நம்மிடம் சிகிச்சை பெற்று ஆறு ஆண்டுகளாகக் குடிக்காமலிருக்கும் ஒருவரை, இருவருடைய சம்மதத்துடனும் வரவழைத்தேன். அவரும் சிறை சென்றவர். இருவரும் மாலை முழுவதும் பேசினார்கள். மறுநாள், “மாத்திரை எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்?” என்று நோயாளி தாமாகவே கேட்டார்.

சிறைக்குள் இது நடக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. நீண்ட காலத் தண்டனை பெற்ற சிறைவாசிகள் சிலருக்குப் பயிற்சி அளித்து, சட்ட உதவித் தன்னார்வலர்களாக ஆக்கும் முறை நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சக சிறைவாசிக்கு ஜாமீன் மனு எழுத உதவலாம் என்றால், குடியிலிருந்து மீள உதவுவதற்கு என்ன தடை? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப்பொருளால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே சிறைவாசிக்குச் சிகிச்சை சலுகை அன்று, உரிமை.

மொழியும் ஒரு காரணம். செம்மரம் வெட்டியதாகக் கைதான நம் மலைமக்கள் பலர் ஆந்திரச் சிறைகளில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் குடிப்பவர்கள் என்று நான் சொல்லவில்லை. குடிநோயுள்ள ஒருவர் தெலுங்கு தெரியாத நிலையில் அங்கே அடைபட்டால், யாரிடம் மனம் திறப்பார்? பக்கத்து அறையில் இருக்கும் நம்மூர்க்காரரே அவருக்கு முதல் ஆலோசகர்.

“குடித்தவனை நம்பி இன்னொருவனை ஒப்படைக்கலாமா? அவனே மறுபடி விழுந்தால்?” என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. எனவேதான் வரையறைகள் வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது போதையின்றி இருப்பவரையே தேர்ந்தெடுக்க வேண்டும். முறையான பயிற்சி தர வேண்டும். அவர் மருந்து தரக் கூடாது, அறிவுரை வழங்கும் மருத்துவராகவும் தம்மை எண்ணக் கூடாது. கேட்ட இரகசியத்தைக் காக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவருக்கும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும், உழைப்புக்கு ஊதியமும் வேண்டும். ஒருவேளை அவர் தடுமாறினால், அவரும் நோயாளியே. தண்டிக்காமல் சிகிச்சைக்கு அழைக்க வேண்டும்.

மூன்று வேண்டுகோள்கள் எனக்கு உண்டு. சிறைத்துறைக்கு: சிகிச்சையில் இருக்கும் சிறைவாசி சம்மதித்தால், விடுதலை பற்றிக் குடும்பத்துக்கும் அருகிலுள்ள மருத்துவமனைக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். ஜாமீனில் வருபவர் பலர், யாரும் எதிர்பாராத மாலையில் தனியாகவே வெளியே வருகிறார்கள். எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு: மீண்டவரை வார்டுக்குள் விருந்தாளியாக அன்றி, குழுவில் ஒருவராக ஏற்போம். குடும்பத்தாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்: விடுதலையாகும் அன்று யாராவது ஒருவர் சிறைவாசலில் நில்லுங்கள். நேரே ஊருக்கு அழைத்து வாருங்கள். முதல் வாரத்திலேயே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். பழைய கணக்குகளைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவசரத்தில் பேசுவதற்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் உள்ளன. இரண்டும் கட்டணமற்றவை.

அந்த நோயாளி முற்றிலும் மீண்டுவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். இடையில் ஒருமுறை தவறினார். ஆனால் மறுநாள் காலையிலேயே, தம் துணைவருடன் என் அறை வாசலில் வந்து நின்றார். முன்பென்றால் மீண்டும் இரத்த வாந்தியுடன்தான் வந்திருப்பார். அவருடைய ஊரைச் சேர்ந்த இன்னொருவர் அடுத்த மாதம் விடுதலையாகவிருக்கிறார். அவரை அழைத்துவர வேலூருக்குப் போவதாக இருவரும் சொல்லியிருக்கிறார்கள்.