வெந்நீர் ஊற்று யாருக்குச் சொந்தம்?

நாள் முழுதும் சேற்றில் குனிந்து நாற்று நட்டவளுக்கும், ராத்திரி ஷிப்ட் முடித்துப் பஞ்சுத் தூசியோடு வீடு திரும்புகிறவனுக்கும் ஓர் அண்டா வெந்நீரின் அருமையைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. அந்த வெந்நீருக்கு விறகு வேண்டும். விறகுக்குக் காசு வேண்டும். ஆனால் விறகும் காசும் கேட்காமல் பூமியே வெந்நீர் காய்ச்சித் தருகிற இடங்கள் நம் நாட்டில் 300-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சுற்றி எழுந்திருக்கும் பிரச்னையை உழைப்பாளி மக்கள் கவனிக்க வேண்டும்.

ஹிமாசலப் பிரதேசத்தின் குலு ஜில்லாவில் பார்வதி நதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பஸ் பர்ஷேணி என்ற ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேல் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டும். நக்தான் கிராமத்தையும் ருத்ரநாக் அருவியையும் தாண்டிப் போனால், சுமார் 2,950 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளி. அதன் தலைமாட்டில் ஊறுகிறது கீர்கங்கா என்னும் வெந்நீர். சிவனுடைய மகன் கார்த்திகேயன், அதாவது நம் முருகன், இங்கே தவம் செய்தான் என்பது மலை மக்களின் நம்பிக்கை. சுற்றிலும் பனி கிடக்கும் காலத்திலும் அந்தத் தண்ணீரில் இறங்கி உட்காரலாம். பெண்களுக்கு மறைப்போடு தனித் துறை உண்டு.

பூமியின் அடுப்பு

இதில் மாயம் எதுவும் இல்லை. மழை நீரும் பனி உருகிய நீரும் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகின்றன. கீழே போகப் போக, கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை உஷ்ணம் கூடுகிறது. சூடேறிய நீர் வேறு வெடிப்பைப் பிடித்து மேலே வந்துவிடுகிறது. எரிமலை தேவையே இல்லை. இதே பள்ளத்தாக்கில் கீழே மணிகரண் என்ற ஊரில் சூடு கொதிநிலையை நெருங்குகிறது. அங்குள்ள குருத்வாராவில் வருகிறவர்களுக்கெல்லாம் போடும் சாப்பாட்டுக்கு, அரிசியைப் பாத்திரத்தோடு ஊற்றில் இறக்கி வேகவைக்கிறார்கள். விறகு கேட்காத அடுப்பு. சாதி கேட்காத பந்தி!

இதே வெந்நீருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹிமாசலத்தின் சட்லஜ் நதியில் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி மின் திட்டத்துக்காக 27 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்தபோது, பாறைக்குள்ளிருந்து 50 டிகிரிக்கும் மேற்பட்ட வெந்நீர் பீறிட்டது. அந்தப் புழுக்கத்தில் நின்றுதான் தொழிலாளிகள் பாறையை உடைத்தார்கள். ஒருவனுக்குச் சுகமாயிருப்பது இன்னொருவனுக்கு வதையாகிறது. தண்ணீரின் குணம் மாறவில்லை. அதில் நிற்கிறவனின் நிலைமைதான் மாறுகிறது.

இரண்டு யோசனைகள்

கீர்கங்காவின் பெயர் நாடெங்கும் பரவியது. கூட்டம் பெருகியது. புல்வெளியில் கூடாரங்களும் கடைகளும் முளைத்தன, குப்பையும் குவிந்தது. 2018-ல் ஐகோர்ட்டு தலையிட்ட பின், வன இலாகா அவற்றை அப்புறப்படுத்தியது. குப்பை பொய்யல்ல. ஊற்று நீரில் ஒருவன் சோப்புப் போட்டால் அது அடுத்தவன் உடம்பில் படுகிறது. பிறகு ஓடையில் இறங்கி ஆற்றில் கலக்கிறது. ஏழை போட்டாலும் பணக்காரன் போட்டாலும் அழுக்கு அழுக்குதான். இதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை.

ஆனால் இப்படிப்பட்ட இடங்களுக்கு வழக்கமாக இரண்டு யோசனைகள் சொல்லப்படுகின்றன. ஜனங்கள் வந்தால் அசுத்தம், ஆகவே கதவைச் சாத்து என்பது ஒன்று. கண்ட்ராக்டுக்கு விடு, நல்ல ஓட்டல் கட்டு, டிக்கெட் போடு என்பது மற்றொன்று. கேட்க வேறு வேறாகத் தோன்றும் இவை முடிகிற இடம் ஒன்றே. இரண்டிலும் காலி கையோடு வருகிறவன் வெளியே நிற்கிறான். டீக்கடை போட்டுப் பிழைத்த மலைக்காரன் கூலியாகிறான்.

காட்டின் மேல் அக்கறை என்றால் அது எல்லார் மேலும் ஒரே அளவாகப் பாய வேண்டாமா? கீர்கங்காவுக்கு ஏறும் பாதையின் அடிவாரத்திலேயே பார்வதி நதியை அணை போட்டு மறித்து, 31 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பியிருக்கிறார்கள். 800 மெகாவாட் கொண்ட அந்தத் திட்டம் 2025-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மில்லும் பம்ப்செட்டும் அதில்தான் ஓடுகின்றன. ஆற்றையே இடம் மாற்றுவது வளர்ச்சி, தார்ப்பாய் கட்டியவன் மட்டும் காட்டின் விரோதி என்ற கணக்கைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

வழி என்ன?

வழியைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் மக்களின் கிராம சபைக்கு நீர் ஆதாரங்களையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைக் காகிதத்திலிருந்து காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஊற்றை எந்தத் தனியாருக்கும் குத்தகைக்கு விடக்கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறலாம் என்பதைக் கிராம சபை தீர்மானிக்கட்டும். பணத்தைப் பார்த்தல்ல, முறை வைத்து விடட்டும். சோறு போடுவதும், தங்க இடம் தருவதும், வழி காட்டுவதும் உள்ளூர் மக்களின் தொழிலாக இருக்கட்டும். கொண்டுபோன குப்பையைக் கொண்டுபோனவனே இறக்கிவர வேண்டும்; மிச்சத்தைச் சுமக்கிறவனுக்கு நியாயமான கூலி தர வேண்டும்.

இன்னொரு விஷயம். ஊற்று திறந்தே கிடந்தாலும் அங்கே போக நமக்கு நாள் ஏது? 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று 1948-ஆம் வருஷத்து பாக்டரி சட்டம் எழுதி வைத்தது. அப்படி எழுதியும் அந்த லீவைக் கண்ணால் காணாத காண்ட்ராக்ட் தொழிலாளிகள் எத்தனை பேர்! நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்களுக்கு வேலை இல்லாத நாள் உண்டு. சம்பளத்தோடு ஓய்வு நாள் உண்டா? ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் அல்ல. மலையையும் காட்டையும் ஊற்றையும் கண் நிறையப் பார்ப்பது பணக்காரனுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தும் அல்ல.

ஆகவே கோரிக்கை இரண்டு. ஊற்று பொதுவில் இருக்க வேண்டும். அதில் போய்க் குளிக்க உழைப்பவனுக்கு ஓய்வும் இருக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுத்தால், கொடுத்ததும் வீண். இரண்டையும் சேர்த்தே கேட்போம்!