கொலுசைத் தேய்க்காதீங்க மக்களே!

பொங்கல் வந்தா எங்க வீட்டுல ரெண்டு வேலை கண்டிப்பா நடக்கும். ஒண்ணு, வெள்ளையடிக்கிறது. இன்னொண்ணு, அப்பத்தாவோட கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்க்கிறது. கொலுசு பளபளன்னு ஆயிடும், ஒத்துக்கிறேன். ஆனா கல்யாணத்தப்போ அதுல மாங்காய் டிசைன் இருந்துச்சாம். இப்போ விரலால தடவினாக்கூடத் தட்டுப்படலை. அம்பது வருஷப் பல்பொடி அதைத் தின்னுடுச்சு!

எங்க மண்டபம், பாம்பன் பக்கமெல்லாம் வெள்ளி சீக்கிரமே கறுத்துடும். உடனே ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லுவாங்க. "மட்டமான வெள்ளி", "உடம்புச் சூடு", "அந்தப் பொண்ணுக்கு ஏதோ நோவு"... என்கூடப் படிக்கிற ஒருத்தி இதையெல்லாம் கேட்டுக் கேட்டே கொலுசு போடுறதை விட்டுட்டா. அந்தக் கடுப்புலதான் இதை எழுதுறேன்.

விஷயம் இவ்வளவுதான். காத்துல கொஞ்சூண்டு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அந்த வாயுதான். கரையில ஒதுங்கி அழுகுற கடல்பாசி, சேறு, சாக்கடை எல்லாத்துல இருந்தும் வரும். அதுல உள்ள கந்தகம் வெள்ளியோட சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகுது. நாம பார்க்கிற கறுப்பு அதுதான். ஈரக்காத்துல இது இன்னும் வேகமா நடக்கும். சுத்த வெள்ளியும் கறுக்கும். 92.5 சதவீத வெள்ளியில கலந்திருக்கிற செம்பும் கறுக்கும். வேர்வை ஆளுக்கு ஆள் மாறுறதால சிலருக்குச் சீக்கிரம் கறுக்கலாம். அது நோய்க்கு அடையாளம் கிடையாது.

இப்போ என் கட்சிக்கு வர்றேன். அந்தக் கறுப்போட எடையில 87 சதவீதம் வெள்ளிதான். பல்பொடி, டூத்பேஸ்ட், சாம்பல்னு எதைப் போட்டுத் தேய்ச்சாலும் அந்த வெள்ளியைத்தான் சுரண்டிச் சாக்கடையில விடுறோம். கிலோ லட்ச ரூபாயைத் தாண்டின காலத்துல இது தேவையா?

போன வருஷம் அம்மா தன்னோட கொலுசை ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனாங்க. "கறுத்துப்போச்சும்மா, போட்டுட்டுப் புதுசா எடுத்துக்கங்க"ன்னு சொன்னாங்க. கழிவு தனி. அம்மா சரின்னு சொல்லப் போனாங்க. நான்தான் ஒரு நாள் டைம் கேட்டேன்.

வீட்டுல ஒரு பீங்கான் கிண்ணத்துல, பார்சல் கட்டுற அலுமினியத் தாளை விரிச்சேன். கொலுசு அந்தத் தாளைத் தொடுற மாதிரி வெச்சேன். ஒரு ஸ்பூன் ஆப்பசோடா, ஒரு ஸ்பூன் உப்பு. மேல கொதிக்கிற தண்ணி. அவ்வளவுதான். லேசா முட்டை நாத்தம் வந்துச்சு, தாள் கறுத்துச்சு, பத்து நிமிஷத்துல கொலுசு வெளுத்துடுச்சு. அலுமினியத்தோட உதவியால வெள்ளியைப் பிடிச்சிருந்த கந்தகம் கழண்டு போயிடுது. வெள்ளி கொலுசுலயே தங்கிடுது. அப்புறம் நல்ல தண்ணியில அலசி, பருத்தித் துணியால ஈரம் போக ஒத்தி எடுத்தா முடிஞ்சுது.

"ஏத்தா, தேய்க்கவே இல்லையே, எப்படி?"ன்னு அப்பத்தா கேட்டுச்சு. விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துட்டு, "முன்னமே சொல்ல ஆளில்லாமப் போச்சே"ன்னுச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

எல்லா நகைக்கும் இது ஆகாது. கல் பதிச்சது, முத்து வெச்சது, உள்ளே அரக்கு அடைச்சது, டிசைனுக்காகவே கறுப்பேத்தின 'ஆக்சிடைஸ்டு' நகை இதையெல்லாம் இதுல போடாதீங்க. மெல்லிசான துணியால துடைச்சாப் போதும். மத்ததை நல்லா காயவெச்சு, காத்துப் புகாத கவர்ல ஒரு சாக்பீஸ் துண்டோட வைங்க, அது ஈரத்தை இழுத்துக்கும். ரப்பர் பேண்ட் மட்டும் போட்டுடாதீங்க, அதுலயும் கந்தகம் இருக்கு.

அப்பத்தா கொலுசு மாங்காய் இனி திரும்பாது. அம்மா கொலுசுல இருக்கிற அன்னம் இன்னும் கொத்துற மாதிரியே இருக்கு. இந்தப் பொங்கலுக்குப் பல்பொடி டப்பாவை நான் ஒளிச்சு வெச்சுட்டேன் :-)