பெர்ரி ஜப்பானைத் திறந்தாராம்!

போன வாரம் எங்கள் வகுப்பில் சர்வதேச வணிகம் பாடத்துக்கு செமினார். நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்) ஒரு ஸ்லைடு போட்டான். முகத்தை உர்ரென்று வைத்திருக்கும் ஒரு அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் படம். கீழே இப்படி எழுதியிருந்தது: "கொமடோர் மேத்யூ பெர்ரி - ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஜப்பான் சந்தையைத் திறந்தவர்". அடுத்த ஸ்லைடில் அவரிடமிருந்து நாம் கற்க வேண்டிய பேர உத்திகள். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்த ஆளைப் பற்றிப் படித்தபிறகு, தட்டிய கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று தோன்றியது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

அந்த ஒரு வரியில் குண்டு வெடிக்கவில்லை என்பது மட்டும் சரி (மரியாதை வேட்டுகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால்!). சந்தை, திறந்தவர் என்ற இரண்டு வார்த்தைகளும் தப்பு.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். பெர்ரி 1794-ல் ரோட் ஐலண்டில் பிறந்தவர். அண்ணன் ஆலிவர் பெர்ரி, 1813-ல் ஈரி ஏரிச் சண்டையில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த ஹீரோ. தம்பி 1809-ல் கடற்படையில் சேர்ந்தார். உழைப்பாளி, அதில் சந்தேகமே இல்லை. பாய்மரம்தான் கப்பல் என்று மற்ற அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நீராவிக்காக வாதாடி, ஃபுல்டன் என்ற நீராவிக் கப்பலுக்குத் தலைமை ஏற்றார். அமெரிக்க நீராவிக் கடற்படையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அது நியாயமான பட்டம், அதில் நான் கை வைக்கவில்லை.

ஆனால் இந்த மனிதர் ஜப்பானில் திடீரென்று ராஜதந்திரி ஆகிவிட்டார் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1843-ல் ஆப்பிரிக்கப் படைத்தொகுதிக்குத் தலைவராகப் போனார். 'மேரி கார்வர்' என்ற அமெரிக்க வணிகக் கப்பலின் மாலுமிகள் கொல்லப்பட்டதற்கு விளக்கம் கேட்க, இன்றைய ஐவரி கோஸ்ட் கரையில் லிட்டில் பெரிபி என்ற இடத்தில் இறங்கினார். பெயர் என்னவோ பேச்சுவார்த்தை. முடிவில் உள்ளூர் மன்னர் செத்தார், கிராமங்கள் எரிந்தன. 1847-ல் மெக்சிகோ போர். வெராகுரூஸ் நகரத்தை முற்றுகையிட்டபோது கடற்படைத் தலைமை இவர் கைக்கு வந்தது. கப்பலின் கனரக பீரங்கிகளைக் கரையில் இறக்கி நகரத்தை அடித்தார்கள். அதே வருடம் ஜூனில் ஆற்று வழியாக உள்ளே போய் டபாஸ்கோவைப் பிடித்தார். ஆக, கப்பலைக் கொண்டுபோய் நிறுத்து, பீரங்கியைக் காட்டு, பிறகு பேசு. இதுதான் அவருக்குப் பழகிப்போன வேலை. ஜப்பானில் பயன்படுத்தியதும் அதே உத்திதான், அங்கே சுட வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவே.

இவருக்கு முன்பு 1846-ல் ஜேம்ஸ் பிடில் என்ற அமெரிக்க அதிகாரி இரண்டு கப்பல்களோடு எடோ விரிகுடாவுக்குப் போனார் (எடோதான் இன்றைய டோக்கியோ). மரியாதையாகக் கேட்டார், முடியாது என்றார்கள். போதாக்குறைக்கு ஒரு ஜப்பானியக் காவலன் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். பிடில் சண்டை போடாமல் திரும்பிவிட்டார். நாகரிகமான மனிதர் என்று நான் நினைக்கிறேன். வரலாறு அவரைத் தோற்றவர் என்று எழுதி மூலையில் வைத்துவிட்டது.

பெர்ரிக்கு உண்மையில் மத்தியதரைக்கடல் தலைமைதான் வேண்டியிருந்தது. ஜப்பான் கிடைத்ததும் முழு மூச்சாக இறங்கினார். 1852 நவம்பரில் நார்ஃபோக்கிலிருந்து கிளம்பி, மடெய்ரா, கேப் டவுன், மொரிஷியஸ், நம்ம பக்கத்து இலங்கையின் காலி, சிங்கப்பூர் என்று நிலக்கரிக்காக நின்று நின்று போனார். நீராவிக் கப்பலின் தலைவலியே அதுதான், கரி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. வழியெல்லாம் ஆங்கிலேயன் இடத்தில் கரி வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவுக்குப் பசிபிக்கில் சொந்தமாக ஒரு கரிக்கிடங்கு தேவைப்பட்டது, அதன் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு ஒதுங்க இடம் தேவைப்பட்டது. சுதந்திர வர்த்தகம், நாகரிகம் என்ற பேச்சுக்கெல்லாம் அடியில் இருந்தது இந்தக் கரிதான். ஜப்பானுக்கு முன்னால் ரியூக்கியூ தீவில் இறங்கி, அந்த ஊர் அதிகாரிகள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் பீரங்கி சகிதம் ஷூரி அரண்மனைக்கு ஊர்வலம் போனார். அந்தத் தீவைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று வாஷிங்டனுக்கும் எழுதினார். அவர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

1853 ஜூலை 8, உராகா. நான்கு கப்பல்கள், அதில் இரண்டு நீராவி. வெளிநாட்டவர் நாகசாகிக்குத்தான் போக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். போக மாட்டேன் என்றார். தடை செய்யப்பட்ட விரிகுடாவில் படகு விட்டு ஆழம் அளந்தார். ஜூலை 14-ல் சுமார் 300 பேரோடு குரிஹாமாவில் இறங்கி, அதிபர் ஃபில்மோரின் கடிதத்தைக் கொடுத்தார். கூடவே தன் கடிதம் ஒன்று: அடுத்த வசந்தத்தில் இதைவிடப் பெரிய படையோடு வருவேன். எடோ மக்கள் சாப்பிடும் அரிசி கடல் வழியாகத்தான் வரும், விரிகுடாவின் வாயை அடைத்தால் நகரமே பட்டினி. இது இரண்டு தரப்புக்கும் தெரியும். வட்டிக்காரன் வாசலில் ரெண்டு ஆளை நிறுத்திவிட்டு "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்வதற்குப் பெயர் பேரமா?

சொன்னபடியே 1854 பிப்ரவரியில் திரும்ப வந்தார். இந்த முறை கப்பல் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. ஜப்பான் தரப்பில் பேசியவர் ஹயாஷி அகிரா, ஒரு கன்ஃபூசியப் பண்டிதர். ஜப்பானியத் தரப்புக் குறிப்புகளின்படி, பெர்ரி உங்கள் நாடு மனித உயிரை மதிப்பதில்லை என்று ஆரம்பித்து, மெக்சிகோ போரை நினைவுபடுத்தி மிரட்டுகிறார். ஹயாஷி அசரவில்லை. கரை ஒதுங்கும் மாலுமிகளுக்கு உதவி, கப்பலுக்குக் கரி, தண்ணீர், உணவு, எல்லாம் தருகிறோம் என்கிறார். அப்புறம் வர்த்தகம் என்கிறார் பெர்ரி. ஹயாஷி கேட்கிறார்: நீங்கள் உயிர்தான் முக்கியம் என்றீர்கள், வர்த்தகம் லாபம் சம்பந்தப்பட்டது, உயிருக்கும் அதற்கும் என்ன தொடர்பு? வந்த காரியம் முடிந்துவிட்டதே? பெர்ரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வர்த்தகக் கோரிக்கையைக் கைவிடுகிறார்.

மறுபடி படியுங்கள். கைவிடுகிறார்! 1854 மார்ச் 31-ல் கையெழுத்தான கனகாவா ஒப்பந்தத்தில் மொத்தம் 12 விதிகள். ஷிமோடா, ஹகோடாடே என்று இரண்டு துறைமுகங்கள். கப்பலுக்கு வேண்டியதை ஜப்பானிய அதிகாரிகள் மூலம் வாங்கலாம், பொருள் மாற்றிக்கொள்வதானால் அவர்கள் போடும் தற்காலிக விதிகளின்படி. வியாபாரி வந்து தங்கிக் கடை போட வழியே இல்லை. ஷிமோடாவோ மலைக்கும் கடலுக்கும் நடுவே சிக்கிய சின்ன ஊர். இதற்குப் பெயர் சந்தை திறப்பா? ஒருநாள் பேர உத்தி பற்றி ஸ்லைடு போடுவதென்றால் ஹயாஷி படத்தைத்தான் போட வேண்டும். அவரிடம் பீரங்கி இல்லை, வாய் மட்டும்தான் இருந்தது.

ஜப்பான் அதற்கு முன் முழுசாக மூடியும் இல்லை. டச்சுக்காரர்கள் 1641 முதல் நாகசாகியின் டெஜிமா தீவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். சீனர்களும் வந்து போனார்கள். சுஷிமா வழியாகக் கொரியாவோடு வர்த்தகம் நடந்தது. யாரோடு, எங்கே, எவ்வளவு என்பதை அரசு தீர்மானித்தது. நாம் இன்று இறக்குமதி உரிமம் என்று படிப்பதன் கறாரான வடிவம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அடுத்தது கையெழுத்து விஷயம். பி.காம். படிப்பவர்கள் எல்லோரும் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தை நெட்டுரு போட்டிருப்போம். இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும், பிரிவு 13. சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும், பிரிவு 14. மிரட்டி வாங்கிய சம்மதம் என்றால் மிரட்டப்பட்டவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், பிரிவு 19. கனகாவா ஒப்பந்தம் இதில் எதைத் தாண்டும்? 11-வது விதியைப் பாருங்கள். அமெரிக்கக் கான்சலை நியமிக்க, ஆங்கிலப் பிரதியின்படி இரண்டு அரசுகளில் ஏதாவது ஒன்று அவசியம் என்று நினைத்தால் போதும். ஜப்பானியப் பிரதியில் இரண்டும் நினைக்க வேண்டும். பேச்சே டச்சு, சீன மொழிகள் வழியாக நடந்தது. 1856-ல் டவுன்சென்ட் ஹாரிஸ் கான்சலாக வந்து இறங்கியபோது ஜப்பானியர்கள் நாங்கள் சம்மதிக்கவே இல்லையே என்று முழித்தார்கள். நாடுகளுக்கு இடையில் இந்தச் சட்டம் செல்லாது என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். அந்தக் காலத்தில் செல்லாது. 1969 வியன்னா உடன்படிக்கையின் 52-வது விதி, படைபலத்தைக் காட்டி மிரட்டி வாங்கிய ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்கிறது. உலகத்துக்கு அது புரிய 115 வருடம் ஆனது.

சரியான வர்த்தகத்தைக் கொண்டுவந்தது ஹாரிஸ் 1858 ஜூலையில் போட்ட ஒப்பந்தம். அதற்கு முன்பே, அந்த மார்ச்சில், பெர்ரி இறந்துவிட்டார். பில் வந்தது அதற்கப்புறம்தான். கணக்குப் பிரியர்கள் கொஞ்சம் கவனிக்கவும். அன்று உலகச் சந்தையில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் விகிதம் ஏறக்குறைய 1-க்கு 15. ஜப்பானுக்குள் 1-க்கு 5. புது ஒப்பந்தப்படி வெளிநாட்டு நாணயத்தை எடைக்கு எடை மாற்றிக்கொடுக்க வேண்டும். ஒரு மெக்சிகன் வெள்ளி டாலருக்கு எடைப்படி 3 இச்சிபு கிடைக்கும். 4 இச்சிபுக்கு ஒரு கோபான் தங்கக்காசு. ஆக 4 டாலர் கொண்டுபோனால் 12 இச்சிபு, அதாவது 3 கோபான். ஷாங்காயில் ஒரு கோபான் 4 டாலர் அளவுக்குப் போகும். போட்டது 4, வந்தது 12. ஆர்பிட்ராஜ் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதற்கு இதைவிடக் கேவலமான உதாரணம் எனக்குத் தெரியாது. 1859-ல் துறைமுகம் திறந்ததும் தங்கம் வெளியே ஓடியது. 1860-ல் அரசு கோபானை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியது. ஓட்டம் நின்றது, விலைவாசி பிய்த்துக்கொண்டது. கச்சாப் பட்டு ஏற்றுமதிக்குப் போய்விட, கியோட்டோவின் நிஷிஜின் நெசவாளர்களுக்கு நூல் கிடைக்கவில்லை. 1866-ல் சுங்க வரியையும் 5 சதவீதத்துக்கு இறக்க வைத்தார்கள். தன் வரியைத் தானே முடிவு செய்யும் உரிமை ஜப்பானுக்கு முழுதாகத் திரும்பியது 1911-ல்!

இதெல்லாம் ஹாரிஸ் கணக்கு, பெர்ரி தலையில் ஏன் கட்டுகிறாய் என்று கேட்கலாம். 1854 ஒப்பந்தத்தின் 9-வது விதி எம்.எஃப்.என். சலுகை: வேறு எந்த நாட்டுக்கு என்ன கொடுத்தாலும் அமெரிக்காவுக்கும் தானாகக் கிடைக்கும், பதிலுக்கு ஒன்றும் தர வேண்டாம். ஹாரிஸ் உட்கார்ந்த நாற்காலியே பெர்ரியின் 11-வது விதி போட்டது. திறந்த பெருமையை அவருக்குக் கொடுத்தால் பில்லையும் அவரிடமே கொடுக்க வேண்டியதுதானே?

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் மனசைப் பிசைந்தது. 1854 ஏப்ரலில் ஷிமோடாவில் ஒரு ராத்திரி, யோஷிதா ஷோயின் என்ற இளைஞர் (கிட்டத்தட்ட நம்ம வயசு) நண்பரோடு படகில் வந்து, என்னை உங்கள் நாட்டுக்கு அழைத்துப் போங்கள், உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். வெளிநாடு போனால் மரண தண்டனை என்று தெரிந்தே கேட்டார். பெர்ரி கரைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார், ஒப்பந்தம் கெட்டுவிடும் என்ற பயம். காரணம் புரிகிறது. ஷோயின் சிறைக்குப் போனார். பிறகு வேறொரு சதி வழக்கில் 1859-ல் தலை வெட்டப்பட்டார்.

கடைசியாக, வகுப்பில் எல்லோரும் சொன்ன வாதம்: பெர்ரி வராவிட்டால் ஜப்பான் இவ்வளவு முன்னேறியிருக்குமா? உழைத்து முன்னேறியது ஜப்பானியர்கள், பாராட்டு மட்டும் பெர்ரிக்கு! வேண்டுமானால் பெர்ரியிடம் அவர்கள் நேரடியாகக் கற்ற ஒன்று உண்டு. 1875-ல் உன்யோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் கொரியாவின் கங்வா தீவுக்குப் பக்கத்தில் போய் ஆழம் அளந்தது. கொரியர்கள் சுட்டார்கள், கப்பல் திருப்பிச் சுட்டது. 1876-ல் குரோடா கியோதாகா கப்பல்களோடு போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். துறைமுகங்கள் திறக்க வேண்டும், அங்கே தப்பு செய்யும் ஜப்பானியரைக் கொரியச் சட்டம் தொடக்கூடாது. கொரியாவை "திறந்து"விட்டார்கள். அது எங்கே போய் முடிந்தது என்று கொரியர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நண்பனிடம் இதையெல்லாம் கேன்டீனில் சொன்னேன். "ஸ்லைடுல ஒரு வரிதானடா போட முடியும்" என்றான். அதே தலைப்பில் எனக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்று சாரிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் ஸ்லைடு ஹயாஷிக்கு. கோபான் கணக்கைப் போர்டில் போட்டே காட்டப்போகிறேன், கால்குலேட்டர் கொண்டு வரவும் :-)