பதில் வராத நாளும் எழுதலாம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், குறும்பட எடிட்டிங், ஞாயிறு கொயர்... இதுக்கு நடுவுல மறுபடியும் தினமும் டைரி எழுத ஆரம்பிச்சிருக்கேன். "யாரு படிக்கப்போறா?"ன்னு ரூம்மேட் கேட்கிறான். நியாயமான கேள்விதான்.

ஆனா குறும்படத்துக்கு ஒரு முடிவு வேணும். சபையில சாட்சி சொல்லவும் ஜெபத்துக்குப் பதில் கிடைச்ச பிறகுதான் மைக் பிடிக்கிறோம். பிளேஸ்மென்ட் கிடைத்தவர் சாட்சி சொல்வார், கிடைக்காதவர் கைதட்டுவார். அவருடைய காத்திருப்பை எங்கே சொல்வது?

பைபிளில் உள்ள 150 சங்கீதங்களில் 88-ஆவதைப் படிச்சுப் பாருங்க. ஏறக்குறைய முழுக்கப் புலம்பல், இருளில்தான் முடிகிறது. கடைசியில் ஒரு அல்லேலூயாகூட கிடையாது! பதில் வரட்டும்னு எழுதாமலே இருந்திருந்தா அந்தச் சங்கீதமே நமக்குக் கிடைச்சிருக்காது.

அதனால தினமும் எழுதறேன். நேத்து மூணே வரி, மூணும் கேள்விகள்.