காணிக்கு விலை பேசுவோர் கவனத்திற்கு

கையிலுள்ளதை விட்டுக்கொடுக்க மனிதன் எவ்வளவு தயங்குகிறான் என்பதை அளக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் டானியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர். 1990இல் அவர்கள் வெளியிட்ட ஆய்விலே, கோர்னெல் பல்கலைக்கழக மாணவருட் பாதிப்பேருக்குக் கடையில் 6 டொலர் விலையுள்ள கோப்பிக் குவளை ஒன்று கொடுக்கப்பட்டது. அதனை விற்க அவர்கள் கேட்ட இடைநிலை விலை 5.25 டொலர். குவளை கிடைக்காதோர் கொடுக்க முன்வந்ததோ ஏறத்தாழ அதிற் பாதி. முதுசச் சொத்தன்று, சற்று முன்னர் கைக்கு வந்த குவளை!

2005இல் புளொட், சைலர் ஆகியோர் முறையை மாற்றி நடத்திய சோதனையில் இந்த இடைவெளி மறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் ஒன்று தெளிவு. 'இதை வாங்க எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்பதும் 'இதைக் கைவிட எவ்வளவு கேட்பீர்கள்?' என்பதும் ஒரே கேள்வியல்ல.

இலங்கையின் 1950ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டம் எந்தக் கேள்வியைக் கேட்கிறது? விரும்பி விற்கும் ஒருவர் திறந்த சந்தையிற் பெறக்கூடிய தொகையையே அது சந்தைப் பெறுமதி என்கிறது. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, அந்த 'விரும்பி விற்பவர்' எங்கே இருந்தார்? இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் நீதிமன்றம் ஏறினர். அவர்களுட் பலர் 1990 முதல் தம் முற்றத்தை மிதித்தறியாதவர்கள்.

இதனைப் பிடிவாதம் என்றும், கூடுதல் நட்டஈட்டுக்கான பேரம் என்றும் சொல்வோர் உளர். கேப்பாப்புலவு மக்களுக்கு 2012இல் மாதிரிக் கிராமத்தில் மாற்றுக் காணி கொடுக்கப்பட்டது. அவர்களுட் பிலக்குடியிருப்பைச் சேர்ந்தோர் 2017 பெப்ரவரி முழுவதும் விமானப்படை முகாமின் வாயிலில், குழந்தைகளுடன், இரவு பகலாக இருந்தனர். மார்ச் முதலாந் திகதி காணி திரும்பியது. பேரம் பேசியவர்கள் கேட்ட தொகை என்ன?

பொருளியற் கணக்கெடுப்புகளில் 'எத்தொகைக்கும் தரேன்' என்போரின் விடைகளை 'எதிர்ப்பு விடைகள்' எனப் பெயரிட்டு ஒதுக்கிவிடும் வழக்கம் உண்டு. கணக்குச் சீராக வருவதற்காக! நம் காணிகளை மதிப்பிட வருவோர் இவ்வழக்கத்தை முதலிற் கைவிடட்டும். உரியவரிடம் நேரிற் கேட்டு, அவர் மறுத்தால் அம்மறுப்பையும் அறிக்கையிற் பதியட்டும்.