இணையத்தோடு பிறந்த தலைமுறை என்னும் வாதம்: ஒரு மறுப்பு

கைப்பேசியோடு வளர்ந்த தலைமுறைக்கு இணையத் தகவல்களின் நம்பகத்தன்மையை எடைபோடத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்ற கருத்து, பெற்றோரிடையேயும் கல்வியாளரிடையேயும் பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்பட்டுவருகிறது. அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி 2001இல் இத்தலைமுறையை எண்ணிம உலகின் பூர்வகுடிகள் என்று பெயரிட்டு அழைத்தது, அக்கருத்துக்குப் புலமையின் சாயலையும் கொடுத்துவிட்டது. கல்லூரிகளும் மென்பொருள் நிறுவனங்களும் நெருங்கி நிற்கும் புனே நகரம் இதைச் சோதித்துப் பார்க்கத் தக்க களம். சோதனை அங்கே முன்பே ஒருமுறை நடந்தும் இருக்கிறது.

பழக்கமே பகுத்தறியும் திறனைத் தந்துவிடும் என்பது இக்கருத்தின் முதற்கூறு. 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை தன் இந்தியக் கல்வித் திட்டத்தின் முன்னோட்டத்தைப் புனே பொறியியல் கல்லூரி, சிம்பயோசிஸ் பொருளியல் கல்லூரி, எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நடத்தியது. மாணவர்கள் பாடப்பணியின் பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பாடநூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டிய பகுதிகள் பெருகி, அவற்றைத் தேடி நீக்குவதிலேயே தன்னார்வத் தொகுப்பாளர்கள் களைத்துப்போனதால், அவ்வாண்டு நவம்பரில் முன்னோட்டம் நிறுத்தப்பட்டது. இதை மாணவர்களின் ஒழுக்கக் குறைவு என்று முடித்துவிடுவது எளிது. எழுதிக்கொடுத்த குறிப்பைத் திருப்பி எழுதுவதற்கே மதிப்பெண் தரும் கல்விமுறையில், இந்த வரியை யார், எதை ஆதாரமாகக் கொண்டு எழுதினார் என்ற கேள்வி எழ இடமே இருந்ததில்லை என்று கொள்வதே பொருத்தம். விசைப்பலகையில் விரையும் விரல்களுக்கும் இக்கேள்விக்கும் தொடர்பில்லை.

படிப்பாளியின் கண்ணுக்குப் போலித் தளம் தானே புலப்பட்டுவிடும் என்ற அடுத்த கூறும் நிற்கவில்லை. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்போர் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களை மதிப்பிடும் பணி தரப்பட்டது. மாணவர்களும் வரலாற்றாசிரியர்களில் பலரும் தளத்துக்குள்ளேயே நின்று, அதன் முகவரி, வடிவமைப்பு, அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஆகியவற்றைப் பார்த்து ஏமாந்தனர். சரிபார்ப்போரோ உடனே தளத்தை விட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர் என்று வேறு பக்கங்களில் தேடினர். பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்பெற்ற இம்முறை, கற்றால் வருவது.

ஒரே செய்தி பல இடங்களில் வந்திருந்தால் நம்பலாம் என்ற நடைமுறை அறிவு போதாதா என்பாரும் உண்டு. இதற்கான விடை புனேயிலேயே, பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. 1919இல் தொடங்கி 1966இல் நிறைவுற்ற மகாபாரதச் செம்பதிப்புக்காக அந்நிறுவனம் 1,259 சுவடிகளை ஆராய்ந்தது. செம்பதிப்பு என்பது, பிரதிகளை வரிக்கு வரி ஒப்புநோக்கி, எட்டக்கூடிய மிகப் பழைய பாடத்தை மீட்கும் பதிப்பு. தென்னாட்டுச் சுவடிகளை ஒப்பிடும் பணி தஞ்சை சரசுவதி மகாலிலும் நடந்தது. 1925இல் தலைமைப் பதிப்பாசிரியரான வி. எஸ். சுக்தங்கர் கைக்கொண்ட நெறி, சுவடிகளை எண்ணாமல் அவற்றின் வழிமரபை எடைபோடுவது: ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த நூறு சுவடிகளும் ஒரு சாட்சியே, ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மரபுகள் ஒத்துப்போனால் அதற்கே மதிப்பு மிகுதி. ஆகவேதான், பரவலாக வழங்கிய, உரையாசிரியர் நீலகண்டரின் 17ஆம் நூற்றாண்டுப் பாடம் அளவுகோலாகாமல், அரிதாகவே கிடைத்த காஷ்மீரத்துச் சாரதா எழுத்துச் சுவடிகள் முதன்மை பெற்றன. வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்ற, ஊரறிந்த கதையும் மூலபாடத்திலிருந்து பின்னிணைப்புக்குச் சென்றது. விநாயகர் சதுர்த்தியைத் தன் அடையாளமாகவே கொண்டாடும் நகரத்தில் இம்முடிவை எடுக்கச் சற்று நெஞ்சுரமும் வேண்டியிருந்திருக்கும். ஒரு செய்தி முகமையின் குறிப்பை எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போடும் பத்து இணையதளங்களும், ஒரே நாளில் பல வாட்சாப் குழுக்களிலிருந்து வந்து சேரும் ஒரே செய்தியும் சுக்தங்கரின் கணக்கில் ஒரே சாட்சிதான். இதைப் பள்ளி மாணவருக்கு விளங்கவைக்கச் சமஸ்கிருதப் புலமை வேண்டியதில்லை.

பொறுப்பைச் சமூக ஊடக நிறுவனங்களிடமும் அரசிடமும் விட்டுவிடலாம் என்ற வாதம் சுருக்கமான விடைக்கே உரியது. 2014 ஜூன் 2 அன்று, முகநூலில் பரவிய இழிவுப் படங்களை அடுத்து எழுந்த கலவரத்தில், அவற்றோடு தொடர்பேதும் இல்லாத ஓர் இளைஞர் புனேயின் ஹடப்சரில் அடித்துக் கொல்லப்பட்டார். 2018 ஜூலை 1 அன்று துளே மாவட்டம் ரைன்பாடாவில், குழந்தை கடத்துவோர் என்ற வதந்தியால் ஐவர் கொல்லப்பட்ட பின்னரே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்சாப் வரம்பிட்டது. தன்னைப் பற்றிய இணையச் செய்திகளில் எது பொய் என்று மத்திய அரசே தீர்மானிக்கும் சரிபார்ப்புப் பிரிவுக்கு வழிவகுத்த விதித்திருத்தத்தையோ 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது.

எஞ்சுவது வலுவான எதிர்வாதம்: கற்பித்தாலும் பயனில்லை என்பது. சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தல் காலத்தில் பீகாரில் 1,224 பேரிடம் நடத்திய ஆய்வு இதற்கு இடமளிக்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சி மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் எதையும் தரவில்லை, ஆளும் கட்சி ஆதரவாளர்கள் தமக்குச் சாதகமான பொய்களை இனங்காண்பதில் பின்தங்கவும் செய்தனர். எனினும் அவரே பிற ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அதே மாநிலத்தின் 583 கிராமங்களில் 13,500க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே, வாரக்கணக்கில் நீண்ட வகுப்புகளைச் சோதித்தபோது முடிவு மாறியது: உடல்நலம் பற்றிய பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் திறன் கூடியது, நான்கு மாதங்களுக்குப் பின்னும் அது நிலைத்ததோடு, வகுப்பில் முதன்மைப்படுத்தப்படாத அரசியல் பொய்களுக்கும் விரிந்தது. ஒரு மணி நேரம் தோற்றதைக் காட்டிக் கற்பித்தலையே கைவிடச் சொல்வோர் இந்த இரண்டாம் ஆய்வின் மற்றொரு முடிவுக்கும் விடை சொல்ல வேண்டும்: வகுப்பில் அமராத பெற்றோரும், பிள்ளைகள் வழியாக, பொய்யைப் பிரித்தறிவதில் முன்னேறியிருந்தனர்.