வாய்க்கால் தலைப்பில் நிற்கும் வைத்தியசாலை

வைகாசி பிறந்துவிட்டால் வன்னி நாட்டுப் பாதைகள் எல்லாம் வற்றாப்பளையை நோக்கித் திரும்பிவிடும். கடலில் எடுத்த உப்புநீரிலே விளக்கெரியும் கண்ணகை அம்மன் சந்நிதிக்குப் பொங்கலன்று இலட்சக்கணக்கில் மக்கள் வருவர். நந்திக்கடல் ஓரத்திலே நிற்கும் அக்கோயிலின் பெருமையைப் பாட இக்கட்டுரை எழுதப்படவில்லை. தெய்வத்தின் விளக்குக்கு நீரையே நெய்யாக்கிய ஒரு மக்கட்கூட்டம், நோய் தீர்க்கக் கட்டிய வீடுகளிலிருந்து வெளியேறும் நீரையும் புகையையும் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்பதே எமது கேள்வி.

பொங்கற் காலத்தை ஒட்டியே ஆண்டுதோறும் இன்னொரு விழாவும் வருகிறது. ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம். அன்று வைத்தியசாலை வளவிலும் கல்லூரி முற்றத்திலும் அதிகாரி ஒருவர் மரக்கன்று நடுவார். மருத்துவ மாணவரும் தாதிப் பயிலுநரும் வெள்ளுடையில் வரிசையாய் நிற்பர். படம் பிடிக்கப்படும். மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. அதே வளவின் பின்மூலையில் என்ன எரிகிறது, எந்தக் குழியில் என்ன புதைகிறது என்று அந்த வெள்ளுடைப் பிள்ளைகளுக்கு எவரேனும் காட்டியதுண்டா?

வயல் செய்யும் எம் மக்களுக்கு ஒரு நியாயம் நன்கு தெரியும். வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருப்பவன், கடைவாய்க்காற்காரனுக்கு அழுக்கு நீரை விட்டால் கமக்காரர் கூட்டத்திலே எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும். வைத்தியசாலையும் தலைப்பு வயல்தான். அதன் கழிவு நீரும் சாம்பலும் புகையும் எங்கோ ஒரு கிணற்றுக்கும் ஒரு வயலுக்கும் போய்ச் சேர்கின்றன. ஆனால் அதைக் கூட்டத்துக்கு அழைத்தவர் எவருமிலர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வைத்தியசாலைக் கழிவிலே ஏறத்தாழ 85 வீதம் வீட்டுக் குப்பையை ஒத்த சாதாரணக் குப்பை. எஞ்சிய 15 வீதமே ஆபத்தானது. அந்த 15 ஐ 85 உடன் கலந்துவிட்டால் நூறும் நஞ்சு. கலப்பவர் யார்? அமைச்சர் அல்லர், பணிப்பாளரும் அல்லர். நோயாளியின் கட்டிலருகே நின்று, கட்டுத்துணியை எந்த வாளியில் போடுவதென்று அறியாமல் அருகிலிருந்த வாளியில் போடும் பயிலுநரின் கையே அது. மஞ்சட் பையில் விழவேண்டியது கறுப்புப் பையில் விழுகிறது. பிளாத்திக்குச் சேலைன் குழாய்கள் போதிய வெப்பமின்றி எரிந்தால் டயொக்சின் என்னும் நஞ்சு பிறக்கும். காற்றில் ஏறி, புல்லில் படிந்து, மாட்டின் பாலில் இறங்கும் நஞ்சு அது. தொற்றுக் கழிவைப் பட்டியலிட்ட கழிவாக்கி அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று 2008ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதி செய்தாயிற்று. விதி வர்த்தமானியில் இருக்கிறது. கைக்கு வந்து சேர்ந்ததா?

"கட்டில் போதாது, டாக்டர் போதாது, இந்த இலட்சணத்தில் உமக்குச் சுற்றாடல் வேண்டிக்கிடக்கிறதோ?" என்று சிலர் சினக்கக்கூடும். வன்னி வைத்தியசாலைகளின் வறுமையை எமக்கு எவரும் படிப்பிக்கவேண்டியதில்லை. 2009இலே முள்ளிவாய்க்காலில் மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் காயத்துக்குக் கட்டுப்போட்ட கைகள் இம்மண்ணின் கைகள். வறியவன்தான் வீண்செலவை எண்ணிப் பார்க்கவேண்டும் என்கிறோம். 2022ஆம் ஆண்டை மறந்துவிட்டீர்களா? நாட்டில் டொலர் தீர்ந்தது. மருந்தும் உபகரணமும் தீர்ந்தன. பேராதனை போன்ற பெரும் வைத்தியசாலையே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. ஒருமுறை பாவித்து எறியும் பொருள்மீதே கட்டப்பட்ட வைத்தியம், கப்பல் வராத அன்றே படுத்துவிடும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

எறியாமல் வைத்தியம் செய்ய முடியாதென்பார்க்கு மதுரையைக் காட்டுவோம். 1976இலே டாக்டர் கோ. வெங்கடசாமி தொடக்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை அது. அங்கு கண்புரைச் சத்திரசிகிச்சை ஒன்றினால் வெளியாகும் கரியமிலம், இங்கிலாந்திலே அதே சிகிச்சைக்கு வெளியாவதில் இருபதில் ஒரு பங்கே என்று 2017இல் வெளிவந்த ஆய்வு கண்டது. மந்திரமா? இல்லை. கருவிகளை விரைவாகக் கொதிநீராவியில் தூய்மை செய்து மீண்டும் பாவிக்கிறார்கள். ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்திலே இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கையில் மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தம். ஒரு போத்தல் கண்மருந்து பலருக்குப் பயன்படுகிறது. தொற்றாவது கூடியதா என்றால், மேல்நாட்டிலும் பார்க்க மோசமில்லை என்பதே வெளியான கணக்கு. தமிழர் நடத்தும் தமிழ்நாட்டு வைத்தியசாலையிலே வெள்ளைக்காரர் வந்து பாடம் படிக்கிறார்கள். பாக்குநீரிணைக்கு இப்பால் இருக்கும் நாமோ அதன் பெயரையும் கேட்டறியோம்! (ஊசியைக் கழுவிப் பாவி என்று எவரும் சொல்லவில்லை, எமது வாசகராகிய டாக்டர்மார் பதறவேண்டாம். எதை எறியவேண்டும், எதை எறியவேண்டாம் என்று பிரித்தறியும் அறிவைத்தான் கேட்கிறோம்.)

இலண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையிலே 2018இல், கையுறை எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று தாதியருக்குத் திருத்திப் படிப்பித்தார்கள். ஓர் ஆண்டில் 21 தொன் பிளாத்திக்குக் குறைந்தது. புதிய இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை.

இனி எம் வீட்டு நெருப்புக்கு வருவோம். 1990களில் வடமத்திய மாகாணத்திலே கண்டறியப்பட்டு, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தலைகாட்டிய சிறுநீரக நோயை அறியாத கமக்காரன் இல்லை. காரணம் இதுதான் என்று இன்றும் எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. குடிநீர், வெயில், வயல் நஞ்சு எல்லாமே சந்தேகத்தின் கூண்டில் நிற்கின்றன. நோய் முற்றினால் இரத்தச் சுத்திகரிப்பு. நான்கு மணி நேரச் சுத்திகரிப்பு ஒன்றுக்கு, நீரை வடிக்கையில் கழித்துவிடும் பங்கையும் சேர்த்து, 500 லீற்றர் வரை தண்ணீர் செலவாகலாம். கிழமைக்கு மூன்று தடவை, பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டால் 15,000 லீற்றர்! தண்ணீரால் கெட்டதோ என்று ஐயுறப்படும் நோய்க்கு, தண்ணீர் இல்லாச் சிறுபோகத்திலே இத்தனை தண்ணீர்! அதிலே கழிக்கப்படும் பங்கு நோயாளியின் இரத்தத்தைத் தொடாதது; உப்புக் கூடியது, அவ்வளவே. இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அதைத் தாங்கியில் சேர்த்து மலசலகூடத்துக்கும் கழுவுதலுக்கும் விடுகிறார்கள். வேண்டியது ஒரு குழாயும் ஒரு தாங்கியும், அந்த நீர் எங்கே போகிறது என்று கேட்கத் தெரிந்த ஒரு பயிலுநரும்.

நந்திக்கடலை 2017ஆம் ஆண்டு இயற்கை ஒதுக்கிடம் என்று வர்த்தமானியில் பிரகடனம் செய்தனர். மீனவனின் வலைக்கும் கமக்காரனின் காணிக்கும் எல்லைக்கல் நாட்டும்போது சுற்றாடற் பற்று பொங்கி வழிகிறது. சுகாதார அமைச்சின் சொந்தக் கூரையின் கீழ் மட்டும் அந்தப் பற்று ஏன் உறங்குகிறது? உலகச் சுகாதாரத் துறையை ஒரு நாடாகக் கொண்டால், காற்றைக் கெடுக்கும் நாடுகளில் அது ஐந்தாவது என்று 2019இலேயே கணக்கு வெளிவந்துவிட்டது. அதில் எமது பங்கு அற்பம் என்பீர். ஒப்புகிறோம். உலகைக் காக்க அல்ல, எம் கிணற்றையும் எம் காசையும் காக்கவே கேட்கிறோம்.

2019இலே அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மருத்துவ மாணவர் ஒரு வேலை செய்தனர். தம் கல்லூரி இவ்விடயத்தை எவ்வளவு கற்பிக்கிறது என்று ஆராய்ந்து, ஆசிரியருக்கு மாணவரே புள்ளியிட்டனர். இன்று பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகள் அந்தத் தேர்வறிக்கைக்கு முகம் கொடுக்கின்றன. 1978இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவபீடத்தின் மாணவருக்கும், யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் தாதியர் பயிற்சி பெறுவோருக்கும் அந்தத் துணிவு வராதா?

கற்பிப்பதாயின் எந்த மொழியில்? 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அமெரிக்கருக்கு முடிந்தது. அண்மையில் ஒரு வைத்தியசாலையிலே (பெயர் வேண்டாம்) கழிவுப் பைகளின் நிறங்களை விளக்கும் பலகையைக் கண்டோம். தனி ஆங்கிலம். அதன் கீழே நின்று பைகளைச் சுமந்த சிற்றூழியரான அம்மா அதை ஒருநாளும் வாசித்ததில்லை. ஊசி குத்தினால் குத்துவது அவருடைய கையைத்தான்.

எனவே மருத்துவபீடத்தாரையும் தாதியர் கல்லூரி அதிபர்களையும் சுகாதார அமைச்சையும் வெளிப்படையாகவே கேட்கிறோம். வைத்தியசாலையின் கழிவும் நீரும் மின்சாரமும் உங்கள் பாடத்திட்டத்தில் உண்டென்றால், அதற்குரிய வினாத்தாளைக் காட்டுங்கள். பரீட்சையில் கேட்காத பாடத்தை எந்த மாணவனும் படிப்பதில்லை. இது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பயிலுநரும் ஒரு கிழமை விடுதியை விட்டிறங்கி, பையின் பின்னே, குழாயின் பின்னே, புகையின் பின்னே நடந்து, நிறுத்து, அளந்து, தமிழிலே அறிக்கை எழுதட்டும். அந்த அறிக்கை வைத்தியசாலை அலுமாரியில் பூட்டப்படாமல் அவ்வூர்க் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே வாசிக்கப்படட்டும். அடுத்த வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. முதல் அறிக்கையை வாசிக்க முல்லைத்தீவு மாவட்டத்திலே எந்தக் கமக்காரர் அமைப்பு கதவைத் திறக்கிறது என்று பார்த்திருப்போம்.